யார் வீட்டு உலையில் கொதிக்கிறது உங்கள் ஐக்கியம்?



சபைகள் வளர்கின்றன. ஓலைக்கொட்டகையில் தொடங்கிய ஜெபவீடு தகரக் கூரைக்கு மாறி, பிறகு கான்கிரீட்டுக்கு மாறுவதை நம் மாவட்டத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஐம்பது பேர் இருந்தபோது எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஐந்நூறு பேர் ஆனதும், முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கிற அக்காவின் பெயர்கூடப் பின்வரிசைக்குத் தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அறிவிக்கிறார்: இனி சபை சிறு குழுக்களாகக் கூடும். வாரம் ஒரு நாள், ஒரு வீட்டில், பத்துப் பன்னிரண்டு பேர். வேதம் வாசிக்கலாம், பாரங்களைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கலாம். இதன் பெயர் சபைக்குச் சபை மாறும். வீட்டுக் கூடுகை என்பார்கள், செல் குரூப் என்பார்கள், கேர் செல் என்பார்கள். கத்தோலிக்கர்களிடம் அன்பியம்.

நோக்கம் நல்லது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் குழு யார் வீட்டில் கூடுகிறது, அங்கே யார் சமைக்கிறார்கள், சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் சண்டை. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் ரோட்டைத் தாண்டாத குழுவை ஐக்கியக் குழு என்று சொல்லாதீர்கள். அது ஜெபத்தில் தொடங்கி ஆமென்னில் முடியும் சாதிக் கூட்டம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மாணவர்களில் பலர் சபை வாலிபர் கூட்டங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்களில் சிலரைக் குழுத் தலைவராகவும் போட்டிருப்பார்கள். அதனால் இதை உங்களிடமே பேசுகிறேன்.

சேர்ந்து நடப்பதும் சேர்ந்து உண்பதும்

நான் இருக்கும் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள ஊர். பதினான்கு கிலோமீட்டர் பாதை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் எங்கள் ஊர் வழியாக நடந்து போகிறார்கள். பக்கத்தில் நடப்பவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. தோள் உரசுகிறது, வியர்வை கலக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, “பாருங்கள், இங்கே சாதி எங்கே இருக்கிறது?” என்று வெளியூர்க்காரர்கள் நெகிழ்ந்து போகிறார்கள். விடிந்ததும் பஸ் ஏறி அவரவர் தெருவுக்குப் போய்ச் சேருகிறார்கள். தெரு மாறுவதில்லை.

இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் இருக்கிறது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதல்முறையாகப் போனது 2023 ஜனவரி 30 அன்று. அறநிலையத் துறையின் கோயில் அது. அதற்கே கலெக்டர் வர வேண்டியிருந்தது, போலீஸ் படை நிற்க வேண்டியிருந்தது. மலையைச் சுற்றிச் சேர்ந்து நடப்பதற்கும், பக்கத்து ஊர்க் கோயில் வாசலைச் சேர்ந்து தாண்டுவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

ஞாயிறு ஆராதனையும் கிரிவலம் போலத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம். கைதட்டிப் பாடுகிறோம். சகோதரா, சகோதரி என்று கூப்பிடுகிறோம். கூட்டத்துக்குள் சாதியை மறைத்து வைப்பது சுலபம். வீட்டுக்குள் மறைக்க முடியாது. வாசலில் எங்கே செருப்பை விடுவது, கூடத்தில் எங்கே உட்காருவது, எந்தச் சொம்பில் தண்ணீர், எந்த டம்ளரில் டீ என்ற எல்லாமே வீட்டில் உடனே தெரிந்துவிடும். அதனால்தான் சிறு குழு முக்கியமானது. பெரிய ஆராதனையில் தப்பித்துவிடும் கேள்வி சிறு குழுவில் தப்பிக்க முடியாது. சபைத் தலைமைக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கேள்வியே எழாதபடி குழுக்களை வெட்டுகிறார்கள்.

எப்படி வெட்டுகிறார்கள்?

“ஏரியா வாரியாகப் பிரித்துவிட்டோம், நடந்து வர வசதியாக இருக்கும்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஏரியா என்றால் என்ன? ஊர் ஒரு ஏரியா, காலனி ஒரு ஏரியா. நம் முன்னோர்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தவன் போட்ட வரைபடத்தின் மேல் சபை தன் குழுக்களைப் போடுகிறது. போட்டுவிட்டு, நாங்கள் சாதி பார்க்கவில்லை, தூரத்தைத்தான் பார்த்தோம் என்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்களைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அமைக்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான்.

அபூர்வமாகச் சில இடங்களில் குழு கலந்து அமைந்துவிடும். அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கூடுகை எப்போதும் ஊர்த்தெருவில் உள்ள மாடி வீட்டிலேயே நடக்கும். காரணம், “அவங்க வீட்டுல இடம் இருக்கு.” நம் ஆட்கள் வரும்போது பேப்பர் கப் வரும். காரணம், “கழுவுற வேலை மிச்சம்.” நம் வீட்டில் ஒருநாள் நடந்தே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், அன்றைக்குப் பார்த்து நாலு பேருக்கு உபவாசம். இரண்டு பேருக்கு சுகர். ஒருவர் பாட்டில் கூல்ட்ரிங்க்ஸ் மட்டும் குடிப்பார், மூடி திறக்காமல் இருந்தால். பிஸ்கட் பாக்கெட் பிரித்துத் தின்னப்படும். அடுப்பில் இறக்கி வைத்த சுண்டலை யாரும் தொட மாட்டார்கள். யாரும் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். கடைசியில் எல்லாரும் கைகோத்து ஜெபிப்பார்கள். சுண்டல் செய்த அம்மா இரவு அதை மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்.

அந்தச் சுண்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த மாதிரி எங்கிருந்து வந்தது?

சிறு குழு புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஒரு வழி கண்டார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவரைத் தலைவராகப் போட்டு, வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலவரத்தையும் பார்த்தார்கள். அதிலிருந்துதான் மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் வளர்ந்தது. 1964-ல் தென் கொரியாவின் சியோலில் யோங்கி சோ என்ற போதகர் வேலைப் பளுவில் விழுந்துவிட்டார். நகரத்தைப் பல வீட்டுக் குழுக்களாகப் பிரித்தார். பொறுப்பேற்க ஆண்கள் தயங்கினார்கள், பெண்கள் ஏற்றார்கள். அந்தப் பெண்கள் நடத்திய குழுக்களால்தான் அது உலகின் மிகப் பெரிய சபை என்று பேர் வாங்கியது. இன்றைக்கு நம் ஊர் பாஸ்டர்கள் சொல்லும் செல் குரூப் முறையில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

மூன்றாவது ஆளைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டொனால்டு மெக்கவ்ரான். 1897-ல் பிறந்தது இப்போதைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள தமோவில். மிஷனரி குடும்பம். நடு இந்தியாவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், சத்னாமி மக்களிடையேயும் வேலை செய்தவர். 1955-லும் 1970-லும் அவர் எழுதிய புத்தகங்கள் உலகம் முழுக்க ‘சபை வளர்ச்சி’ என்ற துறையையே உருவாக்கின. அவர் சொன்னதன் சாரம் இது: மனிதர்கள் தங்கள் இனம், மொழி, வர்க்கம் என்ற வேலியைத் தாண்டாமலே கிறித்தவர்களாக விரும்புகிறார்கள். ஆகவே ஒரே மாதிரி ஆட்களை ஒரே குழுவில் சேர்த்தால் சபை வேகமாக வளரும்.

இந்தப் பாடத்தை அவர் படித்தது அமெரிக்காவில் இல்லை. இங்கே, சாதி இருக்கிற இந்தியாவில் படித்தார். அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உயர்சாதி ஆட்களை ஒவ்வொருவராகப் பிடிக்கக் காத்திருந்த மிஷனரிகளிடம், கூட்டம் கூட்டமாக வருகிற ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்காதீர்கள் என்று வாதாடியவர் அவர். அடிமைப்பட்ட ஒரு சமூகம் சேர்ந்து எழுந்து வெளியேறுவதற்கு அந்த வாதம் உதவியது. ஆனால் அது வெளியே போகும் வழி. அதையே உள்ளே வந்த பிறகு குடியிருக்கும் வீட்டின் வரைபடமாக ஆக்கினால் என்ன ஆகும்? சாதியிலிருந்து எடுத்த சூத்திரம் வெளிநாடு போய், வளர்ச்சிக் கருத்தரங்குகளில் மெருகேறி, திரும்பவும் நம் ஊருக்கே வந்து சாதிக்குச் சான்றிதழ் கொடுக்கும். 1977-ல் பாசடேனாவில் உலக சுவிசேஷத் தலைவர்களே கூடி இந்தக் கொள்கையை விவாதிக்க வேண்டி வந்தது. லத்தீன் அமெரிக்காவின் ரெனே பதிலா போன்றவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நம் ஊர் போதகர் பயிற்சிகளில் வளர்ச்சிக் கணக்கு மட்டும் வந்து சேர்ந்தது. எதிர்ப்பு வந்து சேரவில்லை.

நம் மண்ணில் இது பழைய சண்டை

“சபைக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்” என்று நம்மைப் பார்த்துச் சொல்வார்கள். ஏதோ 14 ஏப்ரல் கூட்டம் முடிந்து நாம்தான் அதைக் கொடியோடு தூக்கிக்கொண்டு வந்ததுபோல. வரலாற்றைப் பாருங்கள்.

1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1733-ல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் என்ற வெள்ளாளர் அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தது. தஞ்சைச் சீமையில் ஓடி ஓடி உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் இருந்தார். உழைப்பில் குறை இல்லை, நம்பிக்கையில் குறை இல்லை. ஆனால் அவர் பறையர். அவர் கையால் வெள்ளாளர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் தியோகு என்பவருக்குப் பட்டம் போனது. முதல் தலைமுறையிலேயே கேள்வி இதுதான்: அப்பம் யார் கையில் இருக்கிறது?

1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அது வாசிக்கப்பட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். இயேசுவை விடலாம், பந்தியைக் கலக்க முடியாது! 1850-ல் மெட்ராஸ் மிஷனரி மாநாடு இன்னும் தெளிவாகச் சொன்னது: எந்தச் சாதிக் கிறித்தவரோடும் சேர்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவரைச் சபை உறுப்பினராக ஏற்கக் கூடாது. ‘அன்பின் விருந்து’ என்று பந்தி போட்டார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒதுங்கி நின்றது. சாதி ஒரு சமூக வழக்கம், மெல்ல மெல்லப் போகும், கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. மற்ற மிஷன்களில் பந்தியைக் கண்டு ஓடியவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது நம் பகுதிக்கு வாருங்கள். அந்த லைப்சிக் மிஷனுக்கு உள்ளேயே ஒருவர் முரண்பட்டார். கார்ல் ஓக்ஸ். சாதியோடு சமரசம் செய்துகொள்ள முடியாது என்று வெளியே வந்து, 1860-களின் தொடக்கத்தில் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. அந்த டேனிஷ் மிஷன்தான் தென்னார்க்காட்டில் பரவித் திருவண்ணாமலைக்கும் வந்தது. இன்றும் நகரத்தில் டேனிஷ் மிஷன் பள்ளி என்று சொன்னால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டு போய் விடுவார். அந்தப் பணியிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அதாவது, நம் பகுதிக்கு வந்த சீர்திருத்தக் கிறித்தவத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருக்கிறது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய் என்ற கேள்வி.

மிஷனரிகளைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பங்களாவில் சமையல்காரர் வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நாம் சமைத்த சோறு அவர்களுக்கு ஆதிக்கச் சாதியாரைச் சோதிக்கும் பரீட்சைத் தாளாகத்தான் பல நேரம் இருந்தது. சமைத்தவர் என்ன நினைத்தார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. 175 வருடம் கழித்து, ஏசி போட்ட ஆலயத்தில், புரொஜக்டர் வைத்து ஐக்கியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே பயப்படுகிறார்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோயிலையே இரண்டு கால்போலப் பிரித்துக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். அதை எதிர்த்து 2010-ல் போராட வேண்டியிருந்தது. நம் பக்கத்து மாவட்டத்தில் உள்ள எறையூரை மறக்க முடியுமா? தனி இடம், தனிக் கல்லறை, தனிப் பாதை என்று நடத்தப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது தாக்குதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்த ஊரில் எல்லாரும் ஒரே ஜெபமாலையைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சொல்லும் நான்கு பதில்கள்

முதல் பதில்: “மெதுவாகத்தான் மாற்ற வேண்டும், அவசரப்பட்டால் ஆட்கள் போய்விடுவார்கள்.” போகட்டும். 1833-லும் போனார்கள். சபை செத்துவிடவில்லை. ஒரு ஆதிக்கச் சாதிக் குடும்பம் போய்விடுமோ என்று பயப்படுகிற பாஸ்டர், ஒவ்வொரு வாரமும் அவமானப்பட்டுச் சத்தமில்லாமல் நின்றுபோகும் காலனிக் குடும்பங்களை எண்ணிப் பார்த்திருக்கிறாரா? போகிறவர் காரில் போனால்தான் அது இழப்பா?

இரண்டாவது பதில்: “கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, அதைப் பேசுவதுதான் பிரிவினை.” இதற்கு அவர்கள் வேதத்திலேயே பதில் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தாரா? ஜெபத்தில் வைப்போம் என்றாரா? எல்லாருக்கும் முன்னால், முகத்துக்கு நேராகத் தட்டிக் கேட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம், எடுத்துப் பாருங்கள். பேதுருவைக் கேட்டது பிரிவினை இல்லை என்றால், உங்கள் செல் லீடரைக் கேட்பது எப்படிப் பிரிவினை ஆகும்?

மூன்றாவது பதில்தான் நம் தோழர்களையே குழப்புவது: “வெளியே இந்துத்துவக் கும்பல் வீட்டு ஜெபத்துக்குப் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் சபையை விமர்சிக்கலாமா?” விமர்சிக்கத்தான் வேண்டும். புகார் வந்து போலீஸ் கதவைத் தட்டும்போது ஒரு குழுவைக் காப்பாற்றுவது எது? தெருவில் நின்று “இவர்கள் எங்கள் ஆட்கள்” என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ஊர்த்தெருக் குழுவும் காலனிக் குழுவும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுப் பழகியிருந்தால், ஒரு இடத்தில் பிரச்சினை என்றதும் மறு இடத்தில் இருந்து ஆள் வரும். பேப்பர் கப்பில் வளர்ந்த உறவு ஸ்டேஷன் வாசல் வரை வராது. சாதியைக் காப்பாற்றிக்கொள்ளும் சபை, இந்துத்துவத்தின் வேலையில் பாதியை அதற்கு இலவசமாகச் செய்து கொடுக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது. தலித் கிறித்தவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அரசு சொல்வது: உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே! சபைத் தலைமை டெல்லிக்குப் போய், எங்களுக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது, தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேருங்கள் என்று மனு கொடுக்கிறது. ஊருக்குத் திரும்பி வந்து, சபையில் சாதி பேசாதே என்கிறது. இரண்டில் எது உண்மை? மனுவில் எழுதத் தெரிந்ததைக் குழுவில் பேசத் தெரியாதா?

நான்காவது பதில் நம் பக்கத்திலிருந்தே வருகிறது: “நமக்கு எதற்கு அவர்கள் பந்தி? நம் குழு நமக்குப் போதும்.” இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். நம் காயத்தைப் பேச நமக்கென்று ஒரு கூடுகை வேண்டும், அந்த உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நாம் விரும்பி உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும் கதவு வேறு, அடுத்தவன் நம்மை வெளியே விட்டுச் சாத்தும் கதவு வேறு. சபை வரைபடத்தில் நம்மைத் தனிக் குழுவாகப் போட்டது நம் காயத்தை ஆற்றுவதற்காக இல்லை. அவர்கள் டம்ளரைக் காப்பாற்றுவதற்காக.

பந்தி போதுமா?

போதாது. 1936-ல் லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரையில் அண்ணல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகவில்லை, கலப்பு மணம்தான் மருந்து, அதற்கும் அடியில் சாதியைப் புனிதமாக்கும் நம்பிக்கையையே உடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசு நடத்தும் சமபந்தி விருந்தைப் பார்த்தாலே அது புரியும். கலெக்டர் உட்கார்ந்து சாப்பிடுவார், போட்டோ வரும், அடுத்த விருந்து அடுத்த ஆகஸ்டில்.

ஆனால் பந்தி சின்ன விஷயமும் இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டார்கள். 1924, 1925-ல் அதை எதிர்த்து எழுந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. வருடத்துக்கு ஒருநாள் போடும் விருந்துக்கும் வாரா வாரம் ஒரு வீட்டு அடுப்படியில் நடக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வாரா வாரம் ஒரே தட்டில் சாப்பிடும் குடும்பங்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பழகுவார்கள், காதலிப்பார்கள். சிறு குழுவைத் தெருவால் பிரிப்பதன் உண்மையான காரணம் டீ டம்ளர் இல்லை. அந்தப் பயம்தான். பந்தியில் தொடங்கினால் பந்தலில் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தென்முடியனூரில் கோயில் கதவைத் திறக்கக் கலெக்டர் வந்தார். அது பொதுக்கோயில், சட்டம் இருக்கிறது. உங்கள் செல் குரூப்பில் ஒரு வீட்டு அடுப்படியைத் திறக்க எந்தக் கலெக்டரும் வர மாட்டார். அந்த வேலையை அந்தக் குழுவில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். அதாவது நீங்கள்.

ஒரே உலை

இதற்கு வெளிநாட்டு மாதிரி எதுவும் தேவையில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, நம் எல்லாருக்கும் ‘பறட்டை’, 2005-ல் மறைந்தவர், ஒரு வழி காட்டிவிட்டுப் போனார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்த அவர், நற்கருணையை ‘ஒரே உலை’ என்று புரிந்துகொண்டார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி வரும், ஒரே பானையில் கொதிக்கும், எல்லாரும் உண்பார்கள். ஒரே உலையில் வெந்த பிறகு எந்தச் சோறு எந்த வீட்டு அரிசி என்று யாராலும் பிரிக்க முடியாது.

நம் சபைப் பெண்களுக்குப் பிடி அரிசி தெரியும். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். அந்த அரிசி இப்போது ஏலத்துக்குப் போகிறது அல்லது பாஸ்டர் வீட்டுக்குப் போகிறது. அதைக் குழுவின் உலைக்குத் திருப்புங்கள். “ஏழை வீட்டில் பன்னிரண்டு பேருக்கு எப்படிச் சமைப்பது?” என்ற சாக்கு அதோடு முடிந்தது. இடம் இல்லை என்றால் வாசலில் பாய் விரியுங்கள். காலனி வாசலில் மழைக்காலம் தவிர எப்போதும் இடம் உண்டு.

சபை வாலிபர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டியவை இவை:

ஒன்று. குழுக்களைத் தெருவால் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் ஊரும் காலனியும் இருக்க வேண்டும். தூரம் பிரச்சினை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏற்றி வரும் சபை வேன் வியாழக்கிழமையும் ஓடட்டும்.

இரண்டு. கூடுகை எல்லா வீட்டுக்கும் சுற்ற வேண்டும். எந்த வாரம் யார் வீடு என்று சபைப் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

மூன்று. அந்த வீட்டில் சமைத்ததை அந்த வீட்டுத் தட்டில் உண்ண வேண்டும். பேப்பர் கப்பும் பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம். உபவாசம் இருப்பவர் மாடி வீட்டிலும் உபவாசம் இருக்கட்டும்.

நான்கு. தலைமை நம் பெண்களுக்கும் வர வேண்டும். சியோலின் பெரிய சபையைப் பெண்கள் நடத்திக் காட்டினார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், காலனி அக்கா ஒருவர் ஊர்த்தெரு வீட்டில் உட்கார்ந்து வேதம் விளக்க இடம் கொடுக்கட்டும்.

ஐந்து. ஜெபக்குறிப்பில் சாதி வர வேண்டும். விசா, வேலை, சுகம் எல்லாவற்றுக்கும் ஜெபிக்கிறோம். கல்லறைக்கு வழி மறிக்கப்பட்டதை, கூலி பிடிக்கப்பட்டதை, காதலித்த பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடியதை ஏன் சொல்ல முடியவில்லை? 1968-ல் மெடலின் நகரில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடிய பிறகு, பிரேசிலில் ஏழைகளின் சிறு குழுக்கள் பெருகின. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசினார்கள். அதுவும் சிறு குழுதான்.

இதையெல்லாம் கேட்டால் கிடைக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். கலகக்காரன், ஆவி இல்லாதவள், அரசியல் பேசுகிறவர். பவுலுக்கும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் கிடாரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கிக்கொள்ளட்டும், பறை இருக்கிறது. ஆனால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். நாலு பேராகப் போங்கள். அந்த நாலு பேரில் ஊர்த்தெருத் தோழர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. தன் வீட்டு டம்ளரைப் பற்றி அவரே பேசட்டும், அந்தச் சுமை எப்போதும் நம் தலையில்தான் இருக்க வேண்டுமா?

சபை எவ்வளவு வளர்ந்தது என்று ஆண்டறிக்கையில் எண்ணிக்கை போடுவார்கள். எத்தனை குழு, எத்தனை பேர், எத்தனை ஞானஸ்நானம். அடுத்த ஆண்டறிக்கையில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு எத்தனை வாரம் காலனி வீட்டு உலையில் சபை சாப்பிட்டது? அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டி வந்தால், மேலே உள்ள எண்களை எல்லாம் வைத்து எந்த ஐக்கியத்துக்குக் கணக்குக் காட்டுவார்கள் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.